சாளை எண்ணெயும் பிரேக்கும்

எனக்கு வண்டி ஓட்டப் பயம். ஓட்டத் தெரியாமல் வந்த பயம் இல்லை. லைசென்ஸ் எடுக்கப் போன அன்று ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது என்னோடு வந்த ஆண்களில் பாதிப் பேர் கம்பைத் தட்டினார்கள், நான் தட்டவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கில் கை வைத்தால் உள்ளங்கை ஈரமாகிவிடும். எங்கள் கடற்கரைத் தெருவிலிருந்து கருங்கலுக்கு ஏறும் ரோட்டில், கல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரி எதிரே வந்தால் போதும், வாய் தானாக ஜெபம் சொல்லத் தொடங்கும்.

கணவருக்கு வளைகுடாவில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை. கார் அவர் வாங்கியது, அவர் பெயரில் இருப்பது. ஓட்டுவது நான். மாமியாருக்கு நெய்யூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும், மகளுக்குக் கருங்கலில் சனிக்கிழமை வகுப்பு, கல்யாணம், சாவு, சந்தை எல்லாவற்றுக்கும் நான்தான் டிரைவர். சம்பளம் மட்டும் கிடையாது.

எங்கள் பக்கம் ஞாயிறு பூசை முடிந்தால் ஆண்கள் யாரும் உடனே வீட்டுக்குப் போக மாட்டார்கள். என் மாமனார் உட்பட எல்லாரும் மாதா கோயில் மைதானத்தில் கார்களைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் பானெட்டைத் திறப்பார், மற்றவர்கள் குழந்தை பிறந்த வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பேச்சு வாரம் முழுக்க நடக்கட்டும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார்கள். கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களும் சேர்ந்தார்கள். டயர் மாற்றியது, சீட் கவர் போட்டது, எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற மாதிரி வெள்ளை லைட் மாட்டியது, மழையில் திருவனந்தபுரம் போய்வந்தது என்று நாள் தவறாமல் வந்து விழும். கணவரும் அதில் இருந்தார். வண்டி என் கையில் இருந்ததால் என்னையும் சேர்த்துவிட்டார்.

கடற்கரையில் கார் வைத்திருப்பவனுக்கு ஒரே எதிரி துருதான். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். போன தடவை லீவில் வந்தபோது அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் யாருக்கோ உடம்பு முடியாமல் போனதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் ஒரு டின் சாளை எண்ணெய் கொண்டுவந்தார். சாளை மீனை உருக்கி எடுக்கிற எண்ணெய். மர வள்ளங்களுக்கு எங்கள் ஆட்கள் அதைத்தான் பூசுவார்கள். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற வள்ளத்தைக் காப்பாற்றுகிற எண்ணெய் காரைக் காப்பாற்றாதா என்பது அவர் கணக்கு. அடிப்பக்கம் முழுக்கத் தூரிகையால் அடித்தார். பிறகு முன்சக்கரங்களைக் கழற்றினார். உள்ளே இருக்கும் வட்டமான இரும்புத் தட்டில் செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தது. அதிலும் ஒரு கை பூசிவிட்டார்.

பிரேக்கை மிதித்தால் கட்டைகள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அந்தத் தட்டைத்தான். அதில் ஒரு ராத்திரியில் படிகிற துரு, காலையில் வண்டி எடுத்து இரண்டு தடவை பிரேக் பிடித்தால் தானே உதிர்ந்துவிடும். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். துருவைக் கண்டால் எண்ணெய் போடாமல் இருக்க முடியாத வீட்டில் பிறந்தவர் அவர். பூசுவதை மகளைக்கொண்டு வீடியோ எடுத்து குரூப்பில் போட்டார். கட்டைவிரலும் கைதட்டலுமாகக் குவிந்தது. எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் வண்டிக்கு அடியில் குடியேறின. அந்த வார இறுதியில் அவர் விமானம் ஏறிவிட்டார்.

சில நாளில் எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மிதித்தால் வண்டி நிற்கிறது. ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றது. வெயில் ஏற ஏறத் தள்ளிப்போகிற தூரமும் கூடியது. கணவருக்குப் போன் செய்தேன்.

“பெடல் கீழ எறங்குதா?” என்றார்.

“எறங்கல. கல்லு மாதிரி நிக்குது. வண்டிதான் நிக்க மாட்டேங்குது.”

“பெடல் எறங்கலேன்னா பிரேக்குக்கு ஒரு கொழப்பமும் இல்ல. ஒனக்கு எப்பவும் இந்த வெப்ராளம்தான் ஏட்டி. பயத்துல நீதான் தாமசிச்சு மிதிக்க.”

குரூப்பிலும் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. “பேடிக்காண்டாம், பழகப் பழகச் சரியாவும்” என்றார் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர். ஹீல்ஸ் செருப்பு போட்டு ஓட்டுகிறேனா என்று இன்னொருவர் விசாரித்தார். நான் ஹீல்ஸ் போட்டதே என் கல்யாணத்தன்றுதான். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட, அவர்கள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகம் அதிகமாக வந்தது. பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டால் நம் கால் சொல்வதை நாமே நம்ப மாட்டோம்.

அந்தச் சனிக்கிழமை மகளை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு கருங்கலிலிருந்து கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். இறக்கத்தில் ஒரு மினிபஸ் நின்று ஆள் இறக்கியது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ்ஸின் பின்பக்கமாக ரோட்டைக் கடக்க வந்தாள். மிதித்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்தாள். ஹார்ன் அடிக்கக்கூடத் தோன்றவில்லை. “மாதாவே” என்று கத்திக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்து இடப்பக்கம் ஒடித்தேன். வீடு கட்டுவதற்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைக் குத்தி வண்டி நின்றது.

மகள் பின்சீட்டில் பெல்ட்டோடு இருந்தாள். அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நானும் மகளோடு காரிலிருந்து இறங்கினேன்.

அப்போதுதான் மகள் கேட்டாள். “அம்மா, யாரு மீன் பொரிக்கா?”

முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்த வாசம் தெரியாதா? குனிந்து பார்த்தேன். அடிப்பக்கத்தில் பூசிய எண்ணெய் வெயிலில் இளகி வடிந்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் மினுங்கியது. தட்டில் தடவியதைக் கட்டைகள் பஞ்சு மாதிரிக் குடித்திருந்தன. இத்தனை நாள் மாமியாரையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு எங்கெல்லாம் போனேன் என்று ஒவ்வொரு இறக்கமாக ஞாபகம் வந்தது.

கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே? ஒனக்கு?” என்றார். இல்லை என்றேன். “அந்த வீடியோவ நான் அழிச்சிடுதேன். நீ குரூப்புல ஒண்ணும் எழுதாத, கேட்டியா? ஞாயித்துக்கிழம கோயில்ல எங்க அப்பா தல நிமிந்து நடக்கண்டாமா?”

சரி என்றேன். அவர் மானம் என் மானமும்தானே. போனை வைத்துவிட்டு வீடியோ போய்விட்டதா என்று குரூப்பைத் திறந்தேன். போயிருந்தது. அதற்குக் கீழே, முந்தின நாள் சாயங்காலம் கருங்கல் ஜவுளிக்கடைக்காரர் போட்டிருந்த படம் அப்படியே இருந்தது. அறுபது தாண்டிய மனிதர், புதிதாக ஒரு பெரிய வண்டி வாங்கியிருந்தார். கழற்றிய சக்கரம், பக்கத்தில் எண்ணெய் டின். “தம்பி சொன்ன மருந்து போட்டாச்சு. நாளைக்கு மக்களும் பேரப்பிள்ளைகளுமா பொன்முடிக்கு” என்று எழுதியிருந்தார்.

திருவனந்தபுரத்துக்கு அப்பால் இருக்கும் அந்தப் பொன்முடி மலைக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. இறங்கும்போது கால் பிரேக்கைவிட்டு எடுக்கவே முடியாது.

அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. “சாளை எண்ணெய் போட்டவங்க யாரும் வண்டி எடுக்காதீங்க, பிரேக் பிடிக்காது, எனக்கு இப்போ பிடிக்கல” என்று குரூப்பில் எழுதினேன். அவசரத்தில் பாதி எழுத்து தப்பு. எழுத்தை யார் பார்ப்பார்கள் என்று குரலிலும் அனுப்பினேன். இரண்டு பேர் தாங்களும் பூசியதாகவும் வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்றும் சொன்னார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார். ஜவுளிக்கடைக்காரருக்குப் போன் போகவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதேதான். மணல் குவியலுக்குப் பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைக்குக் கூப்பிட்டு, அங்கே இருந்த பெண்ணிடம் கெஞ்சி, அவர் மனைவியின் நம்பர் வாங்கினேன்.

அது அடித்தது. எடுத்தார்கள். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிற சத்தம்.

“அக்கா, வண்டி எங்க நிக்குது?”

“யாரு மக்கா? நிக்கல, மலையில இருந்து எறங்கியோம். இப்பதான் வண்டி எடுத்தாவ.”

“நிறுத்தச் சொல்லுங்கக்கா. பிரேக் பிடிக்காது. மலைப் பக்கமா ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்க இழுக்கச் சொல்லுங்க. இப்பவே!”

“ஏங்க” என்று அவர்கள் கத்தியது கேட்டது. பாட்டு நின்றது. யாரோ வீறிட்டார்கள். லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் போகவில்லை. நான்தான் அவர்களைப் பதற வைத்துவிட்டேனோ, அந்தப் பதற்றத்தில் ஸ்டியரிங்கை மறு பக்கம் ஒடித்துவிட்டாரோ என்று நினைத்தேன். நினைத்தபிறகு அதை மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள். அந்த மினிபஸ் டிரைவரும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. ஜவுளிக்கடைக்காரர்தான் பேசினார்.

“நிக்கியோம்மா. மலையில முட்டி நிக்கியோம். முன்பக்கம் போச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல.” மூச்சு வாங்கினார். “ஏறும்போதே எனக்கு மனசிலாச்சும்மா. ஒரு வளைவுல வண்டி நிக்காம போச்சு. மருமகன் பக்கத்துல இருக்கான். கிழவனுக்குப் பயம் வந்துட்டுன்னு நினைப்பானேன்னு நான் வாயே தொறக்கல.” அழுதார். அப்பா வயசுள்ள ஒருவர் போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டு, நான் “ஆமா, ஆமா” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இரண்டு டாக்ஸி பிடித்து மலையிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். எங்கள் வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து கட்டி இழுத்துப் போனார்கள். நானும் மகளும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது கணவர் கூப்பிட்டார். சொன்னதைக் கேட்காமல் குரூப்பில் எழுதியதற்குத் திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை தயாராகவும் வைத்திருந்தேன்.

“பொன்முடியில இருந்து எல்லாரும் எறங்கிட்டாங்களா?” என்றார். குரூப்பில் விஷயம் வந்துவிட்டது போல.

“எறங்கிட்டிருக்காங்க.”

“வண்டியில எத்தன பிள்ளைங்க?”

பாட்டுச் சத்தத்தை வைத்து நாலைந்து பேராவது இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் சொல்லவில்லை.

“ஏட்டி,” என்றார், “எனக்குப் பயமா இருக்கு.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. தயாராக வைத்திருந்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அங்கே அவரும் எங்கேயோ உட்கார்ந்த சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.