புஷ்பம் சொல்லாத வரி

என் கடைக்குப் பெயர் லெட்சுமி டீ ஸ்டால். என் மனைவியின் பெயர் அது. பலகையில் பச்சைப் பெயின்டால் நானே எழுதினேன். ஆனால் நீங்கள் திருமானூரில் பஸ் இறங்கி, எங்கள் ஊருக்குள் வந்து லெட்சுமி டீ ஸ்டால் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சிலோன் கடை என்று கேளுங்கள், கன்றுக்குட்டிகூட வழி காட்டும். கடையில் போடும் தூள் நீலகிரியிலிருந்து வருகிறது. பால் எதிர்வீட்டு மாட்டுடையது. தண்ணீர் கொள்ளிடத்து ஊற்றுத் தண்ணீர். சிலோனிலிருந்து வந்தது நான், என் மனைவி, என் மகள் ஆகிய மூன்று பேர் மட்டும்தான். எங்களை யாரும் கொதிக்கவைத்துக் குடிப்பதில்லை. இருந்தாலும் கரும்பு வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருகிறவர்கள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "என்ன இருந்தாலும் சிலோன் டீ சிலோன் டீதாங்க" என்று தலையாட்டுகிறார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். லெட்சுமி அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். அதோடு விட்டுவிட்டேன். அங்கே மலையில் பிறந்து, மலையில் வளர்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோதெல்லாம் நான் இந்தியாக்காரன். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அன்றிலிருந்து சிலோன்காரன். எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊர்ப் பெயரை மட்டும் எனக்கு யாரும் தருவதில்லை.

இதை அங்கே இன்னும் பெட்டி கட்டாமல் இருக்கிறவர்களுக்காகவும், பெட்டி கட்டி இங்கே வந்து திகைத்து நிற்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். பயப்படுத்த அல்ல. இங்கே சோறு கிடைக்கிறது, பொழுது போகிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் துணை ஆசிரியர் என்பதற்கான சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். சரி, டீ ஆற்றத் தெரியாமலா போயிற்று. என் தாத்தாவின் அப்பா ஆண்டிமடம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்று கேள்வி. வந்த புதிதில் அங்கே போய்ச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தேன். முந்திரித் தோப்பு ஓரத்தில் வீடு. மரியாதையாகச் சாப்பாடு போட்டார்கள். கை கழுவி உட்கார்ந்ததும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்ப ஊருக்குத் திரும்புறீங்க?" என்று கேட்டார். இதுதானே ஊர் என்று வந்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், தோப்பில் பங்கு கேட்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள் என்பது புரிந்தது. கொள்ளிடக் கரைப் பக்கமாக வந்து கடை போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். காலையில் மணியடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். இதை இங்கே பிரேயர் என்கிறார்கள். எனக்கு அது தோட்டத்துப் பெரட்டைத்தான் நினைவுபடுத்தும். விடியற்காலையில் ஆளைக் கூட்டி நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புகிற அதே நிற்பு. என்ன, இங்கே கங்காணிக்குப் பதில் ஹெட்மாஸ்டர். பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் கையை முன்னால் நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். முதலில் இந்தியா எனது நாடு என்று வரும். அடுத்து, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள். அதற்கப்புறம் என் நாட்டை நேசிக்கிறேன் என்று தொடங்கி இன்னும் கொஞ்சம் உண்டு. முதல் நாள் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆண்டிமடத்தில் கிடைக்காத சொந்தம் இங்கே ஒரே வரியில் நாடு முழுக்கக் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன்.

அந்த வரியை என் மகள் சொல்வதில்லை என்ற செய்தி எனக்குக் கடை பெஞ்சில்தான் கிடைத்தது. கொண்டுவந்தவர் எங்கள் அன்றாட வாடிக்கை, ஒரு பஸ் கண்டக்டர். ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் டிக்கெட் கிழித்த கையோடு தெரிந்துகொள்கிறவர். "சிலோன்காரரே, ஒங்க பொண்ணு பிரேயர்ல வாயத் தொறக்க மாட்டேங்குதாமே? ஹெட்மாஸ்டரு கொதிச்சுப் போய்க் கெடக்காரு. நாளைக்குச் சொல்லலைன்னா டி.சி.யக் கிழிச்சுக் குடுத்துருவேன்னுட்டாராம்." புஷ்பம் நான்காம் வகுப்பு. வீட்டில் கிடைக்கும் பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் எறிவாள். டி.சி.யை வாங்கினால் அடுத்த பள்ளிக்கூடம் திருமானூரில். அங்கேயும் இதே வரிதான். அதற்கப்பால் அரியலூர், பெரம்பலூர், எங்கே போனாலும் இதே வரிதான். இந்த ஒரு வரிக்குத் தப்பிப் படிக்க வேண்டுமென்றால் பிள்ளையைத் திரும்பக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும்.

மத்தியானம் சாப்பிட வந்தவளைக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "மத்ததெல்லாம் சத்தமாச் சொல்றேம்ப்பா. அது மட்டுந்தான். அண்ணன் இந்தியர் இல்லியே. இந்தியர் எல்லாம் ஒடன்பொறந்தவங்கன்னா, அண்ணன் யாரு?"

அண்ணன் என்றால் செல்லையா, எங்கள் மூத்த மகன். அவனுக்கும் இவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். இடையில் பிறந்தவை தங்கவில்லை. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்தபோது அவன் பதினெட்டு தாண்டியவன் என்பதால் விண்ணப்பம் தனியாகப் போனது. எங்களுக்கு இந்தியா விழுந்தது, அவனுக்கு இலங்கை விழுந்தது. விழுந்தது என்றுதான் தோட்டத்தில் சொல்வோம், சீட்டுக் குலுக்கியதைப் போல. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் ஒரே பானைச் சோறு தின்ற நான்கு பேரில் மூன்று பேர் ஒரு நாடு, ஒருவன் வேறு நாடு. எங்களை ஏற்றிய ரயிலை மலையில் அழுகைக் கோச்சி என்பார்கள். பெயர் வைத்தவன் ஏறிப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் செல்லையா அழவில்லை. தங்கச்சியைத் தூக்கி ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, "அங்க யாராச்சும் ஒன்னய அடிச்சா, எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு சொல்லு, என்னா?" என்றான். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது அதையே எதிர்த்துச் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வாள்?

எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று அந்த நாட்டுக் கீதம் பாடுவோம். இந்தியாவுக்குக் கப்பல் தேதி வந்துவிட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "நான் போவப்போறேனே சேர், நானும் பாடணுமா?" என்றான். சும்மா வாயை மட்டும் அசையடா என்றேன். அவனும் அசைத்தான், இரண்டு அரசாங்கத்துக்கும் ஒரு குறையும் வரவில்லை. அந்த அனுபவத்தை மகளிடம் எடுத்துவிட்டேன். "வாயசைச்சா சொன்ன மாதிரிதானேப்பா" என்று அவள் மோரை ஊற்றிக்கொண்டாள். பின்னாலிருந்து லெட்சுமி, "அவ சொல்றதுல என்ன தப்பிருக்கு?" என்றாள். அவள் மகனைப் பிரிந்த பிறகு எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் சொல்வதை விட்டிருந்தவள். எனக்கு உள்ளூரப் பயம். புதிதாக வந்தவர்கள் நாங்கள். உறுதிமொழி சொல்லாதவர்களுக்குக் கொடுத்த இந்தியாவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்றுகூட நினைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் உடன்பிறப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கடையில் இருந்தபடியே பார்க்கலாம். உறுதிமொழி முடிந்து பிள்ளைகள் தண்ணீர்ப் பானைக்கு ஓடுவதற்குள் தீர்ந்துவிடும். ஊருக்குள் இருக்கிற பிள்ளைகள் டம்ளரில் மொண்டு குடிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் கையைக் குவித்துக் குனிந்து நிற்க, யாராவது உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். அந்த வரியை மறுக்க ஒருவருக்கு நியாயம் இருந்தால் குனிந்து நிற்கிற அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இருக்கிறது. வரிசையில் அதை உரக்கச் சொல்கிறவர்களும் அவர்கள்தான். இதில் ஹெட்மாஸ்டருக்கு எந்த ஒழுங்கீனமும் தெரிந்ததில்லை. ஒன்பது வயதுப் பெண் வாயை மூடியதும்தான் நாடு ஆட்டம் கண்டது.

மறுநாள் மணியடிப்பதற்கு முன்பே மூன்று பேரும் அவர் அறையில் நின்றோம். கெட்ட மனிதர் அல்ல. "ஒக்காருங்க. நானும் ஒங்கள மாதிரி வெளியூர்தாங்க. குரும்பலூரு. இந்தத் தண்ணி எனக்கும் ஒத்துக்கல" என்று ஆரம்பித்தார். சனிக்கிழமை தோறும் பெரம்பலூர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறவர். நான் ஆமாம் சேர், கஷ்டம்தான் என்றேன். பிறகு, எனக்கே ஆச்சரியம், என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"இதைச் சொல்லியே ஆவணும்னு சட்டம் இருக்குங்களா சேர்?"

"சொல்லாம இருக்கலாம்னு சட்டம் இருக்கா? அத நீங்க சொல்லுங்க பாப்போம்."

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் மறுத்ததில்லை. அதனால் மறுக்கலாமா என்று யாரும் கேட்டதும் இல்லை. அவர் புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சொன்னா வாயா வலிக்கும்?" அவள் அண்ணன் கதையைச் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்து, குரலைத் தணித்து, "அப்ப அது ஒங்க சொந்தப் பையன் இல்லீங்களா? எடுத்து வளத்ததா?" என்றார். சொந்தப் பையன் எப்படி வேறு நாட்டுக்காரனாக இருக்க முடியும் என்பது அவருடைய நியாயமான சந்தேகம். அதுவரை கதவோரம் நின்ற லெட்சுமி முன்னால் வந்தாள்.

"பெத்தது நாந்தான் சேர். பிரிச்சது கவுருமெண்டு. இவள நாளைக்கே சொல்லவைக்கிறேன். அதுக்கு முன்னால எம்மவன இந்தியனாக்கிக் குடுங்க."

ஹெட்மாஸ்டர் மேசைமேல் இருந்த மைக்கூட்டைத் தள்ளி வைத்தார், பிறகு பழைய இடத்திலேயே வைத்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "ஒண்ணு செய்யலாங்க. ஒங்க பொண்ண சிலோன் பொண்ணுன்னு வெச்சுக்கிறேன். வெளிநாட்டுப் புள்ளைக்கு நம்ம உறுதிமொழி எதுக்கு? யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

"இல்லீங்க சேர். இவ இந்தியப் பிரஜை. பாஸ்போட்டு இருக்கு" என்றேன் நான்.

"இந்தியப் பிரஜைன்னா சொல்லணும்ல?"

"அந்த ஒரு வரிய மட்டும் சொல்லாத இந்தியப் பிரஜை சேர்."

அவர் சிரித்துவிட்டார். "அப்படி ஒரு ரகம் கெடையாதுங்க." நெல்லைப் பற்றிப் பேசுவதைப் போலத்தான் சொன்னார், கேலி இல்லை. நான் இன்னும் வாதாடியிருப்பேன். லெட்சுமி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சரிங்க சேர்" என்றுவிட்டாள். டி.சி. பிழைத்தது. அதற்குள் பிரேயர் முடிந்திருந்ததால் பிள்ளையை நேரே வகுப்பில் விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தபோது ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கண்டக்டருக்கு அன்று ஒரு டீ இலவசம்.

அடுத்த நாள் மத்தியானம் புஷ்பம் சாப்பிட வந்தாள். தட்டில் கை வைக்கவில்லை. காலையில் எல்லோரோடும் கையை நீட்டி, முதல் வரியைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள். வரிசைக்குத் தலைவியாக நிற்கும் பெண் வந்து இவள் கையைக் கீழே தள்ளிவிட்டு, "நீ சொல்லக் கூடாது. ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு, நீ வெளிநாடு" என்றாளாம். வரிசைக்கு வெளியே, கடையிலிருந்து பார்த்தால் தெரியாத வேப்பமரத்தடியில் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். "நான் ஒரு வரிதான் வேணாம்னேம்ப்பா" என்றாள் என் மகள். "எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோளில் கிடந்த துண்டோடு அப்படியே ஓடினேன். ஹெட்மாஸ்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீங்க கேட்டதத்தானேங்க குடுத்தேன்?" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு அனுமதி உண்டு, ஆனால் அதற்கு அவர் முதலில் அந்நியராக வேண்டும்; அந்நியரானபின் வேண்டும் என்று சொல்ல அனுமதி இல்லை. இதை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் திரும்பினேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் கடையில் கண்டக்டர் மட்டும்தான் இருந்தார். புஷ்பம் பையைப் பெஞ்சில் போட்டுவிட்டு, பாய்லருக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். வலது கையை முன்னால் நீட்டினாள். காலையில் சொல்லவிடாததைச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தியா எனது நாடு என்ற வரியைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு நிறுத்தினாள். கை நீட்டியபடியே இருந்தது. நான் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினேன். லெட்சுமி கழுவின கிளாஸைத் தண்ணீரிலிருந்து எடுத்தவள் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாம்மா, வரி மறந்துபோச்சா?" என்றார் கண்டக்டர்.

"மறக்கலீங்க" என்றாள் லெட்சுமி. "அந்த எடத்துல எங்க மூத்தவன் நிக்கிறான்."

கண்டக்டர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்த ஒரு வரிக்கு ஆகிற நேரம் முழுதும் நாங்கள் நான்கு பேரும் பேசாமல் நின்றோம். அதன் பிறகு புஷ்பம் நாட்டை நேசிக்கும் வரிக்குப் போனாள்.