செல்வாவின் துப்பாக்கி லைசன்ஸுக்கு நான் சொன்ன பதில்

வியாழக்கிழமை மதியம், எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு பெண் போலீஸ் அதிகாரி என்னிடம் கேட்டார்.

"இவரிடம் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா?"

ஒரு வாய்கூடக் குடிக்காத காபி கப்பைக் கீழே வைத்தேன். அந்தம்மா என் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கப்பையே பார்த்தார்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

செல்வா எங்கள் குடும்ப நண்பன். (பெயரை மாற்றியிருக்கிறேன். அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஈப்போக்காரன். இங்கே நியூசிலாந்தில், எங்களுக்குப் பக்கத்துப் பகுதியான ஒனிஹங்காவில் இருக்கிறான். ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவான். இந்த நாட்டில் இது சகஜம். நம்ம ஆள் கையில் ரைபிளா என்று முதலில் வாயைப் பிளந்தேன். அவன் கொண்டுவந்த கறியை என் கணவர் மிளகு போட்டு வறுத்ததும் வாயை மூடிக்கொண்டேன்!

போன வருடக் கடைசியில் அவன் மனைவி பிரிந்து மெல்பர்ன் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செல்வா வேட்டைக்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. மன அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஒரு நாள் என் கணவரிடம் போனில், "காலையில எழும்பாமலே போயிட்டா நல்லா இருக்கும்லா அண்ணே" என்றானாம்.

சொல்லிவிட்டுச் சிரித்தானாம்.

எப்படிச் சிரித்தான் என்று கணவரை மூன்று தடவை கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. லைசன்ஸ் கேட்பவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் போலீஸ் வந்து விசாரிக்கும். செல்வா என் பெயரைக் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை வருவதாக அந்த அதிகாரி போன் செய்தார்.

வீட்டில் பட்டிமன்றம் தொடங்கியது!

"மாத்திரை சாப்பிடறது ஒரு குத்தமா? நீ ஒரு வார்த்தை சொன்னா போலீஸ் ஃபைல்ல மனநோயாளின்னு ஏறிடும். அப்புறம் எவன் தைரியமா டாக்டர்கிட்ட போவான்?" என்றார் கணவர்.

"சொல்லாம விட்டு, அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?"

அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

மறுநாள் வாணியிடம் புலம்பினேன். ஹில்ஸ்பரோவில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு, யாழ்ப்பாணத்துக்காரி, தினமும் ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறோம். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள் அன்று சிக்னல் பச்சையானதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சண்டைக் காலத்தில, முகத்தை மூடின ஆரோ ஒருத்தன் ஆளைக் காட்டித் தலையாட்டினான் எண்டு ஆமிக்காரர் என்ர அண்ணாவைக் கொண்டு போனவை. அவரிட்ட ஒரு கேள்வி கேக்கேல்லை. என்ன காரணம் எண்டு எங்களுக்கும் சொல்லேல்லை."

"அப்ப நான் வாயே திறக்கக் கூடாதா வாணி?"

"நான் அப்படிச் சொல்லேல்லை. பயமெண்டால் சொல்லத்தான் வேணும். ஆனா முதல் அவரிட்டப் போய்ச் சொல்லும். முதுகுக்குப் பின்னால சொல்லாதேயும்."

புதன்கிழமை வேலை முடிந்து நேராக ஒனிஹங்கா போனேன். அவன் வீட்டில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. செல்வா பாதியாக இளைத்திருந்தான்.

சுற்றி வளைக்கத் தெரியாமல் போட்டு உடைத்தேன்.

"செல்வா, நாளைக்கு அவங்க கேட்டா எனக்குப் பயமா இருக்குன்னுதான் சொல்லப்போறேன்."

"என்ன அக்கா இது? மருந்து சாப்பிட்டா பைத்தியமா? நான் யாரையாவது சுட்டுருவேன்னு நினைக்கறீங்களா?"

"மத்தவங்களுக்காக இல்லடா. உனக்காகத்தான் பயப்படறேன்."

அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"சொல்றத சொல்லிக்குங்க. இப்ப போங்க அக்கா."

காரில் உட்கார்ந்து அழுதேன். என்னை நம்பிப் பெயர் கொடுத்தவன் அவன்!

அப்படியிருந்தும் வியாழக்கிழமை, அந்தக் கேள்விக்கு, "உண்டு" என்றேன்.

செல்வா நல்லவன், யாரிடமும் கை ஓங்காதவன், மாத்திரை என் கவலை இல்லை, போனில் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் கவலை என்றேன். பிறகு கேட்டேன், "நான் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுவீர்களா?"

"இல்லை. அவரிடம் பேசுவோம். டாக்டர் கருத்தையும் கேட்கலாம். லைசன்ஸ் இல்லை என்றால் காரணம் சொல்லியாக வேண்டும், அவர் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் இதைக் கேட்ட பிறகு நான் நேராக அவர் வீட்டுக்குத்தான் போகிறேன்" என்றார்.

அவர் கார் திரும்பியதும் செல்வாவுக்கு மெசேஜ் போட்டேன். "உன்கிட்ட சொன்னததான் சொன்னேன்."

படித்துவிட்டான். பதில் இல்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை!

அதுவரை என்னோடு சண்டை போட்ட என் கணவர், வீட்டுச் செருப்போடு காரை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். பாலைப் பொங்கவிட்டேன். கும்பிடாத சாமி இல்லை.

ஒரு வழியாகப் போன் வந்தது.

"கதவத் திறந்துட்டான். அந்தம்மாவும் இங்கதான் இருக்காங்க. அவனே துப்பாக்கிப் பெட்டகத்தத் திறந்து ரெண்டு ரைபிளையும் எடுத்துக் குடுத்துட்டான். அழறான். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அடுப்பில் பொங்கி வழிந்திருந்த பாலை அப்போதுதான் துடைத்தேன்.

இப்போது செல்வா எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். லைசன்ஸ் இன்னும் முடிவாகவில்லை. நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னான்.

"வேலை விட்டு வந்தா அந்தப் பெட்டகம் பக்கத்துலயே உக்காந்திருப்பேன் அக்கா. ஏன்னு யார்கிட்டயும் சொல்லல. இப்ப அது காலி. என் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமில்ல."

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "ஆனா உங்க மேல கோவம் போகல" என்றான்.

"கோவமாவே இரு. நீ இருந்தா போதும்" என்றேன்.

இதைப் போஸ்ட் செய்யும் முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"கீழ யாராச்சும் 'ஸ்ட்ராங்கா இருங்க ப்ரோ'ன்னு கமெண்ட் போட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க அக்கா. என்னால முடியாதுலா!"