வேலிக்கடியில் எடுத்த கல்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அதைப் பார்த்தால் எனக்குப் பக்தி வருவதில்லை. எங்கள் தோட்டத்துக் கண்டாக்குதான் நினைவுக்கு வருகிறார், கூடவே கோபமும் வருகிறது.

கந்தப்பளைக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்துவிட்டது என்றார்கள். பங்களாவில் அதே வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றில் தூண்டில் போடுவது அவருக்குப் பைத்தியம். நாங்கள் துரை மீன் என்று சொல்கிற அந்த மீன், சுத்தமான சரளைக் கல்லில்தான் முட்டையிடும். மலையிலிருந்து இறங்கிய சேறு கல்லையெல்லாம் மூடிவிட்டதால் மீன் அற்றுப்போய்க்கொண்டிருந்தது. ஆற்றைச் சீர்செய்யும் வேலை, மலை வேலைகளை மேற்பார்வை பார்த்த கண்டாக்கின் தலையில் விழுந்தது.

சேற்றை வாரினோம். மேல் ஓடையிலிருந்து கல் பொறுக்கிச் சாக்கில் சுமந்தோம். கரை சரியாமலிருக்கப் புல் நட்டோம். கண்டாக்கு காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு எங்களோடு தண்ணீரில் நின்றார். எலுமிச்சங்காய்க்கு மேலே பெரிசு வேண்டாம், நெல்லிக்காய்க்குக் கீழே சிறிசு வேண்டாம் என்று ஒவ்வொரு சாக்கையும் கிளறிப் பார்ப்பார். குளிரில் கால் மரத்துப்போகும். ஆனாலும் தண்ணீர் தெளியத் தெளிய எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். ஆற்றின் வளைவில்தான் மாசித் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்போம். செம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் சோடித்து, கோயிலுக்குத் தலையில் ஏற்றி வருவது என் அப்பா. மீனுக்காக அந்த இடத்தை அடைத்துவிடுவார்களோ என்று பயந்து, வளைவில் கல் கொட்ட அப்பா மறுத்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சாக்கைக் கீழே வைத்தார்கள்.

அன்று மாலை கண்டாக்கு கோயிலுக்கு வந்தார். அம்மன் முன்னால் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "ஆத்தா மேல ஆணைங்க. கரகம் எறங்குற எடத்த எவனும் அடைக்க மாட்டான்."

சூடம் அணைத்த பிறகு எங்கள் ஆட்களிடம் வேறு பேச்சுக் கிடையாது. அவரும் வருடா வருடம் காவடி எடுக்கிறவர், எங்கள் ஆள். மறுநாள் வளைவுக்கு அதிகமாகக் கல் சுமந்தவர் அப்பாதான்.

மீன் வந்தது. பெண் மீன் வாலால் கல்லை விலக்கிப் பள்ளம் பறிப்பதை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார் கண்டாக்கு. அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

திருவிழா அன்று விடியற்காலையில் உடுக்குச் சத்தத்தோடு இறங்கினோம். வளைவைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. உள்ளே இரண்டு காவல்காரர்களும் கண்டாக்கும் நின்றார்கள். அப்பா விரதமிருந்து வாடிப்போயிருந்தார்.

"நீங்க சூடம் அணச்சீங்கய்யா," என்றார்.

கண்டாக்கு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்லுக்குள்ள குஞ்சு இருக்கு பெரியவரே. கால் வச்சா அம்புட்டும் நசுங்கிரும். தொரை உத்தரவு."

அப்பா மண்டியிட்டு, கம்பிக்கடியில் கையை நுழைத்து, தண்ணீரிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்துச் செம்பில் போட்டார். முள் கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தம். அப்படியே திரும்பி வந்து, லயத்துப் பீலியில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கரகம் பாலித்தோம். அதுதான் அவர் எடுத்த கடைசிக் கரகம்.

துரை திடீரென்று உத்தரவு போட்டிருப்பார், பாவம் இவர் என்ன செய்வார் என்று நானும் கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அப்பாவே ஒரு நாள் சொன்னார். அந்த வேலித் தூண்களை லொறியிலிருந்து இறக்கி ஸ்டோரில் அடுக்கியது அவர்தானாம். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்கு என்று கண்டாக்கு சொல்லியிருக்கிறார். சூடம் அணைப்பதற்கு முந்திய வாரம் அது.

இப்போது துரையும் இல்லை, கண்டாக்கும் இல்லை. வேலி துருப்பிடித்து விழுந்துவிட்டது. வளைவில் மறுபடியும் சேறு மூடி, மீனும் போய்விட்டது. இறங்கிப் போக இன்று யாரும் தடையில்லை. ஆனால் கரகம் இன்னும் பீலியில்தான் பாலிக்கிறார்கள். போன மாசியில், ஆற்றுக்குப் போனால் என்ன என்று பேரனிடம் கேட்டேன். "நம்ம கரகம் எப்பவும் பீலியிலதானே அம்மாயி," என்றான். மாடத்திலிருந்து கல்லை எடுத்து அவன் கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டான்.