பதினைந்து நாள் மாத்திரை

திட்டம் முடிந்தபின் யாரும் எட்டிப் பார்க்காத எங்கள் ஆய்வுக் குழுவின் வாட்ஸ்அப் போன வாரம் விழித்துக்கொண்டது. மருந்தாளுநர் சகுந்தலா காலமானார் என்று ஒரு வரி. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அதற்கு முந்தைய செய்தி, சென்னையில் நாங்கள் பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய படம். அதில் சகுந்தலா அக்கா இல்லை. அவரை யாரும் அழைக்கவில்லை.

கல்வராயன் மலைச் சுகாதார நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். மிளகு பறிக்கக் குடகுக்குப் போகும் மலை ஜனங்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை பாதியில் நின்றுபோகும். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்தால் நிற்காது என்று காட்டியதுதான் எங்கள் ஆய்வு. கொடுத்தவர் அக்கா, பதிவு செய்தவன் நான். வழக்கமான சிகிச்சையிலேயே இதைச் செய்யலாம் என்று அறிக்கையில் எழுதியவனும் நான்தான்.

திட்டம் முடிந்ததும், பழையபடி பதினைந்து நாளுக்கே கொடுக்கச் சொன்னார்கள். "இன்னா தம்பி, உங்க ஆய்வு முடிஞ்சா இவங்க பிரஷரும் முடிஞ்சிடுமா?" என்றார் அக்கா. "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவாதும்பாங்க. உங்க சொரக்கா நல்லாத்தான் கீது. ஆக்கத்தான் வுட மாட்டேங்குறாங்க." அவர் மூன்று மாதத்துக்கே கொடுத்துவந்தார்.

யார் உத்தரவில் என்று கேட்டு அவருக்கு மெமோ வந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்கா கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கே வந்தார். "ஆய்வுல நிரூபிச்சதுன்னு ஒரு லெட்டர் குடுங்க தம்பி, போதும்." மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அடுத்த திட்டத்தில் எனக்கு வேலை உறுதியாகாத நேரம். பயம்தான், வேறென்ன?

கடைசியில் அவரே பதில் எழுதினார், ஒரே வரியில்: "நோயாளி ஊரில் இல்லாத நாட்களிலும் நோய் அவரோடுதான் இருக்கிறது." நகலை எனக்கும் அனுப்பினார், ஒரு வார்த்தை குறை சொல்லாமல். அடுத்த மாதம் அவரை உளுந்தூர்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள்.

அக்காவின் ஊரான நைனார்பாளையத்தில் நடந்த படத்திறப்பில், மெமோ கொடுத்த அதிகாரியே அவரை ஏழைகளின் தாய் என்று புகழ்ந்து பேசினார். கடைசி வரிசையில் மலையிலிருந்து வந்த லட்சுமணன் நின்றிருந்தார். அக்கா மாற்றலான பிறகு, பதினைந்து நாள் மாத்திரையோடு குடகுக்குப் போய், பக்கவாதத்தில் வலது கை விழுந்து திரும்பியவர். இடது கையால் பூப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தம்மா இருந்திருந்தா மூணு மாசத்துக்குக் குடுத்திருப்பாங்க. ஏன் சார் அவங்கள மாத்துனாங்க?"

மேலிடத்து முடிவு என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரி நகல். அவர் கேட்டது ஒரு கடிதம். நான் எழுதியிருப்பது இந்த அஞ்சலி.