எட்டாம் காம்பராவின் பூட்டு

சலோமியின் முப்பதாம் நாள் ஜெபக்கூட்டம் காலை பத்து மணிக்கு. ஞானையா எட்டு மணிக்கே ஆலயத்துக்கு வந்து முன் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. இறந்துபோன மனைவியின் சாட்சியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசவேண்டும் என்று கண்டியிலிருந்து வரும் போதகர் சொல்லியிருந்தார். இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் அதே இடத்தில் நின்று பேசுகிறவருக்கு ஐந்து நிமிஷம் ஒரு பொருட்டா? ஞானையா ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும் என்று லயத்துப் பெண்கள் சிரிப்பது வழக்கம். அப்பேர்ப்பட்டவர் அந்தக் காகிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு, நான்காவதாக எழுதியதைப் பிரித்துப் பார்க்கவும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

தெல்தோட்டையிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற வளைவிலிருந்து இன்னும் அரை மணி ஏறவேண்டும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு. ஆலயம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, பன்னிரண்டு வாங்கு, ஒரு மணி. ஆனால் பாறைமேல் கட்டியது. மழை அடித்துப் பெய்தால் கிராம சேவகர் எல்லாச் சாதி சனத்தையும் அங்கேதான் அனுப்புவார்.

ஞானையாவும் சலோமியும் பிறவிக் கிறிஸ்தவர்கள் இல்லை. மூக்கையாவும் வேலாயியுமாகக் கல்யாணம் கட்டி, ஐந்தாம் வருஷம் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். ஒரே கூரைக்கடியில் அறை அறையாகத் தொடுத்த அந்த லயத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, எட்டாம் காம்பரா அறையில் இருந்த பேச்சியம்மாவைத் தவிர. "பால்மா பைக்கட்டுக்குச் சாமிய வித்ததுக" என்பாள். கடைசிவரை அவர்களைப் பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். போதகர் பக்கத்தில் நின்றாலும் "ஏய் மூக்கையா" தான்.

ஞானையா வேதத்தைக் கரைத்துக் குடித்தார். சலோமிக்கு அதில் ஒரு சங்கீதம் முழுசாய் வராது. பாட்டு எடுத்தால் ராகம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது முறை தப்பினால் அவள் வாய்க்கு முன்னால் நிற்க முடியாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. புருஷன் பிரசங்கத்தைத் தொடங்கினால் அவள் தலை ஆடத் தொடங்கிவிடும்.

"என் பிரசங்கத்துக்கு நீயே தூங்கினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று அவர் ஒருநாள் சண்டைக்குப் போனார்.

"விடியமுந்தி எந்திரிச்சு கொழுந்துக்குப் போறவளுக்குத் தூக்கம் வராதாக்கும்? நீங்க பேசறத நான் வீட்லயுந்தான் கேக்குறேன்" என்றாள் அவள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கிருபா. ஆறு வயதில் காய்ச்சல் கண்டு, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நான்காம் நாள் பெட்டியில் திரும்பி வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்தைக் கடக்கும்போது பேச்சியம்மா வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "சாமிய விட்டுட்டுப் போனீங்க. இப்ப சாமி புள்ளைய எடுத்துக்கிருச்சு."

இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்குப் பிறகு ஞானையா அந்தக் காம்பரா வாசலில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சத்துருக்களை நேசிப்பதைப் பற்றி மட்டும் வருஷத்துக்கு இரண்டு பிரசங்கம் செய்துவந்தார். நன்றாகவே செய்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சியம்மாவின் மகன் சுரேஸுக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. பெண்சாதி பிள்ளையோடு அங்கே ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். கிழவிக்குக் கதவைச் சாத்த ஞாபகம் வராது. இரண்டு தடவை சாமான் களவு போயிருந்தது. அதனால் காம்பராவைப் பூட்டிவிட்டு, பின்னால் இறக்கிய தகரச் சாய்ப்பு அடுப்படியில் அம்மாவுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தான். ஒரு மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்றான். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கிழவிக்குக் காலும் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து காலையில் கஞ்சியும் பொழுதுசாயச் சோறும் சலோமி கொண்டுபோனாள். பேச்சியம்மா நன்றி சொல்லுகிற ஆளா? "வேலாயி, இந்தக் கஞ்சிய நாய் குடிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள். சலோமியும் பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டு, அவள் சேலையை மாற்றி, அழுக்கைத் துவைத்துப் போட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்புவாள்.

ஞானையாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம புள்ளைய அவ என்ன சொன்னான்னு உனக்கு மறந்திருச்சா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

சலோமி பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மறக்கலங்க. நெனச்சா இன்னைக்கும் நெஞ்சு பத்திக்கிட்டு வருது. ஆனா அவளுக்குப் பசிக்குதே" என்றாள்.

அவ்வளவுதான். இதைவிட நீளமாக அவள் தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசி ஞானையா கேட்டதில்லை.

போன மாதம் ஐந்து நாள் விடாமல் மழை. வியாழக்கிழமை காலையிலேயே வானம் இருண்டு கிடந்தது. எப்படியும் ஆட்கள் வருவார்கள் என்று, பேச்சியம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த கையோடு, சலோமி பத்து மணிக்கு ஆலயத்துக்குப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். பன்னிரண்டு மணிக்குக் கிராம சேவகர் ஞானையாவுக்குப் போன் செய்தார். கீழ் லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரையும் ஏற்றிவிடுங்கள் என்றார்.

தோட்டத்தில் ஆள் கணக்கு என்றால் காம்பரா நம்பர்தான். ஞானையா குடையும் பட்டியலுமாக ஒன்றாம் நம்பரிலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு குடும்பமும் வெளியேற ஒவ்வொரு நம்பருக்கும் கோடு போட்டார். எட்டாம் கதவில் பூட்டுத் தொங்கியது. பட்டியலில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு ஒன்பதுக்குப் போனார். அந்த நேரத்தில் அவருக்குக் கிழவியின் ஞாபகம் சத்தியமாக வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பார்க்காமலே கடந்த வாசல் அது.

இரண்டு மணிக்கு எல்லோரும் ஆலயத்தில் இருந்தார்கள். சலோமி தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் அவரிடம் கேட்டாள்: "பேச்சியம்மா எங்கங்க?"

அப்போதுதான் அவருக்குக் கிழவியின் ஞாபகம் வந்தது. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அறுபத்து மூன்று வயதில் அந்தப் படிகளை இரண்டு தடவை ஏறி இறங்கியிருந்தார். சுற்றிலும் நாற்பது பேர், அவரைப் பெரிய மனுஷன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்காகவா இன்னொரு தடவை இறங்குவது என்று உள்ளே ஒரு குரலும் கேட்டது.

"நீ இங்க வந்த பொறகு சுரேஸ் வந்தான். கூட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

"நல்லதாப் போச்சு, இப்பவாவது அவனுக்குப் புத்தி வந்துச்சே" என்று சலோமி சந்தோஷமாகத் திரும்பிப்போனாள். மழை கொஞ்சம் விட்டதும் யாரையாவது அனுப்பிக் கிழவியைத் தூக்கிவரச் சொல்லலாம் என்று ஞானையா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மழை விடவில்லை.

மூன்று மணிக்குச் சலோமியின் போன் அடித்தது. சுரேஸ்தான். கத்திப் பேசியதால் பக்கத்திலிருந்த ஞானையாவுக்கும் கேட்டது. "அத்தை, ரோட்டெல்லாம் மூடிட்டாங்க. நேத்திலிருந்து வரப் பாக்குறேன், முடியல. அம்மாவக் கொஞ்சம் பாத்துக்கங்க அத்தை."

"சரிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் போனை வைத்தாள்.

புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவருக்காக அவள் வெட்கப்பட்டாள். யாருக்கும் தெரியக்கூடாதே என்று சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கும்போது போர்த்துகிற பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, "கதவச் சாத்திராதீங்க. நாங்க வந்துருவோம்" என்றாள்.

நானும் போகிறேன் என்று எழ அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது. எழுந்து ஓடியபோது பாதையில் அவளைக் காணவில்லை. பாதிப் படி இறங்குவதற்குள் மலை இரைந்தது. கீழ் லயம் இருந்த இடத்தில் மண் இருந்தது.

மூன்றாம் நாள் தோண்டி எடுத்தார்கள். காம்பராவுக்குள் இல்லை, பாதையில் கிடந்தார்கள். பேச்சியம்மாவை முதுகில் போட்டு, சேலை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள் சலோமி. இன்னும் ஐம்பது அடி வந்திருந்தால் மண் எட்டாத தார் ரோடு. இரண்டு மணிக்கே இறங்கியிருந்தால் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, கஞ்சியின் உப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். இந்தக் கணக்கை ஞானையா முப்பது நாளும் போட்டுப் பார்த்துவிட்டார். எப்படிப் போட்டாலும் அந்த ஒரு மணி நேரம் அவர் தலையில்தான் விழுந்தது.

ஊர் அவரை அழவும் விடவில்லை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பகையாளியைச் சுமந்து செத்தவள் என்று சலோமியைப் புகழ்ந்தார்கள். ஆலயச் சுவரில் அவள் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிக்க ஏற்பாடாயிற்று. "அந்த மழையிலயும் பெண்சாதிய அனுப்பி வச்சீங்களே, யாருக்கு வரும் இந்த மனசு?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு முப்பது நாள் இருந்தது. ஒருநாளும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஆலயம் நிரம்பிவிட்டது. கடைசி வாங்கில் சுரேஸ் உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்காக எடுத்த மொட்டையில் முடி இப்போதுதான் முளைத்திருந்தது. பாட்டு முடிந்தது. போதகர் தலையசைக்க ஞானையா எழுந்து முன்னால் போனார். காகிதத்தில் நல்ல வார்த்தைகள்தான் இருந்தன. கை சட்டைப் பை வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"சலோமிய நான் அனுப்பல" என்றார். "பேச்சியம்மாவ எண்ணாம விட்டது நான்தான். பூட்டப் பாத்தேன், எழுதினேன், வந்துட்டேன். அது மறதி. ஆனா அவ வந்து கேட்டப்ப எனக்கு ஞாபகம் வந்திருச்சு. சுரேஸ் கூட்டிட்டுப் போயிட்டான்னு பொய் சொன்னேன். திரும்ப எறங்கறதுக்கு மனசில்ல. என் புள்ளையப் பேசினவளுக்காக எறங்க மனசில்ல. ஒரு மணி நேரம் அவள இங்கயே உக்கார வச்சுட்டேன். அந்த ஒரு மணி நேரம் இருந்திருந்தா ரெண்டு பேரும் இங்க இருப்பாங்க. என்னை நல்லவன்னு சொல்லாதீங்க. எங்க வீட்ல நல்ல கிறிஸ்தவ ஆளா இருந்தது, என் பிரசங்கத்துக்குத் தூங்கினவதான்."

அவ்வளவு சனத்துக்கு முன்னால் ஞானையா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பின்னாலிருந்து சுரேஸ் எழுந்து வந்தான். அடிக்கப்போகிறான் என்று முன் வாங்கிலிருந்த இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள். ஞானையாவும் அதைத்தான் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. சுரேஸ் அவர் முன்னால் வந்து நின்று, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். கறுப்பு நூல் கட்டிய சின்னச் சாவி. அது திறக்கவேண்டிய கதவு மண்ணுக்குள் போய் முப்பது நாளாகிவிட்டது.

"பூட்டினது நான்தானே மாமா" என்றான்.

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஞானையா பேச்சியம்மா வீட்டு ஆளோடு பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. "கல்லுல உங்க அம்மா பேரும் இருக்கட்டும்யா" என்று மட்டும் அவன் காதில் சொன்னார்.

கூட்டம் முடிந்து பணிஸ் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள். மறுபடி தூறல் போட்டது. சாரல் வாங்கில் அடிக்கிறதே என்று போதகர் போய்க் கதவை இழுத்தார்.

"சாத்தாதீங்க ஐயா" என்றார் ஞானையா.

"இன்னும் யாராவது வரணுமா?"

ஞானையா போய்க் கதவை மறுபடி திறந்துவிட்டார். "வந்துருவோம்னு சொல்லிட்டுப் போனா" என்றார்.