இல்லை என்று எழுதிய கவர்

அந்தச் சலவை நிலையத்தில் அவளுக்கு ‘இல்லையக்கா’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். டீக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடலாமா என்றால் இல்லை. மழை வருகிறது, பஸ்ஸில் போகலாமா என்றால் இல்லை. யாருக்கோ பிறந்த நாள், கேக் வாங்க நீ எவ்வளவு தருகிறாய் என்றால் கேள்வி முடிவதற்குள் இல்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால் எவ்வளவு தூரம்? இஸ்திரி மேசைக்கும் மடிப்பு மேசைக்கும் நடுவே ஆறடிதான். எல்லாம் அவள் காதில் விழுந்தது. கேட்காத மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷமாக அங்கேதான் தேய்க்கிறாள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும், தலையணை உறைகள் வரும், யார் யாரோ குழம்பு சிந்திய மேசைத் துணிகள் வரும். துவைத்துக் காய்ந்ததும் அவளிடம் வரும். நீராவிப் பெட்டியைப் பிடித்தபடி காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நிற்க வேண்டும். இஸ்திரிப் பிரிவில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. அவருடைய நாற்காலிக்கு மட்டும் சக்கரம் உண்டு.

சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே அதை ஐந்து பழுப்புக் கவர்களில் பங்கு போட்டுவிடுவாள். வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம், பஸ் என்று நான்கு கவர்களில் மை மங்கிப்போன எழுத்து. ஐந்தாவது கவரில் ஒரே ஒரு சொல், ‘இல்லை’. அதில் முதல் தேதியன்று எதுவும் போடமாட்டாள். பிறகு எதற்கெல்லாம் ‘இல்லை’ என்று சொல்கிறாளோ, அதற்கு ஆகியிருக்கும் காசை அந்தந்தக் கவரிலிருந்து எடுத்து இதற்குள் போடுவாள். நாற்பது நிமிஷம் நடந்து வேலைக்குப் போனால் பஸ் கவரிலிருந்து காசு இடம் மாறும். கூடவே ஒரு துண்டுச் சீட்டும் விழும்: ‘பஸ், இல்லை’ என்று. மாதக் கடைசியில் காசு வங்கிக்குப் போகும், சீட்டுகள் ஒரு தகர டப்பாவுக்குப் போகும். சீட்டு எதற்கு என்று புருஷன் கேட்டதற்கு, “எதை விட்டோம்னு தெரிய வேண்டாமா?” என்றாள்.

புருஷன் இரவுக் காவல்காரன். நல்ல மனுஷன்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். “மத்த வீட்டுல பணம் இல்லைன்னா, இல்லைன்னு அர்த்தம். என் வீட்டுல ‘இல்லை’யிலதான் எல்லாம் இருக்கு” என்று சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். சிரிப்புக்கு எந்தக் கவரிலும் இடம் ஒதுக்கவில்லை.

இத்தனையும் எதற்கு? ஒரு கடைக்கு. பஸ் நிறுத்தத்தை ஒட்டி, இரண்டு கையையும் விரித்தால் சுவரைத் தொடும் அகலத்தில் ஒரு கடை. அதில் ஒரு மேசை, சொந்தமாக ஒரு நீராவிப் பெட்டி, முக்கியமாக ஒரு நாற்காலி. இடத்துக்காரர் முன்பணம் கேட்டார். ஏழு வருஷத்தில் அது சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு கடிதமும் கேட்டார். “எனக்கு உன்னை முன்னப்பின்ன தெரியாது. முன்னாடி இருந்தவன் வாடகை குடுக்காம ஓடிட்டான். நீ வேலை பாக்குற இடத்துலேருந்து, நல்ல ஆளுதான்னு ஒரு கடிதம் கொண்டு வா. சனிக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன், அதுக்கு மேல வேற ஆளு காத்துக்கிட்டிருக்கான்” என்றார்.

நியாயமான கேள்விதான். அந்தக் கடிதம் கேட்கத்தான் திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போனாள். அங்கேதான் அவளுக்குப் புத்தி பிசகியது.

முதலாளி தலை நிமிராமலே கேட்டார். “கடிதத்துக்கு என்ன, குடுத்துட்டா போச்சு. முன்பணத்துக்கு எங்கே போவீங்க? அதுக்கும் என்கிட்டதான் வந்து நிப்பீங்களா?”

சுருக்கென்று தைத்தது. யாரிடமும் ஒரு காசு கைநீட்டாதவளைப் பார்த்து நிப்பீங்களா என்கிறானே! பைக்குள் கைவிட்டாள், வங்கிப் புத்தகத்தை எடுத்தாள், மேசைமேல் விரித்து வைத்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“இது நான் குடுக்கிற சம்பளத்துலயா?”

“ஆமா சார். வெளியே ஒரு காசு வாங்கல.”

“உக்காருங்கம்மா” என்றார். பதினோரு வருஷத்தில் முதல் முறை. அவளும் உட்கார்ந்தாள். எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் கேலி, வேலையிடத்தில் கேலி, ஒருத்தர்கூட அதுவரை ‘எப்படி’ என்று கேட்டதில்லை. ஐந்து கவரைப் பற்றியும் சொன்னாள். மூன்று நிமிஷம் பெருமையாகப் பேசினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்தவள்தான், என்ன பயன்?

மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

“சம்பளம் போதவில்லை என்று மனு கொடுத்தவர்கள் கவனத்திற்கு. இதே சம்பளத்தில் குடும்பம் நடத்தி, நல்ல தொகையும் சேமித்துக் காட்டியிருக்கிறார் நமது இஸ்திரிப் பிரிவின் மூத்த ஊழியர். குறை சம்பளத்தில் இல்லை, செலவழிக்கும் விதத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ‘சிக்கனமாக வாழ்வது எப்படி’ என்று அவரே பேசுவார். டீ, பிஸ்கட் உண்டு.”

டீ, பிஸ்கட் உண்டாம்! அந்த மனுவைப் பதினேழு பேர் சேர்ந்து கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை, மற்றதெல்லாம் ஏறிவிட்டது. மனுவில் மூன்றாவது கையெழுத்தே அவளுடையதுதான். இப்போது அவளையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, மற்ற பதினாறு பேருக்கும் ஊதாரிப் பட்டம் கட்டியாயிற்று. அவளுடைய கைவிரலை எடுத்து அவள் கண்ணையே குத்துவது இதுதான்.

மடிப்புக்காரி அன்றைக்கு வேண்டுமென்றே சத்தம் வர விரிப்பை உதறினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

“ஏன்க்கா, எங்க வயித்துல அடிச்சு உனக்கு என்ன கெடைச்சது?”

“நான் யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலடி. கடிதம் கேக்கத்தான் போனேன்.”

“கடிதம் கேக்கப் போறவ எதுக்கு வங்கிப் புத்தகத்தைக் காட்டணும்? கதவு திறந்துதானே இருந்துச்சு, பாத்தோம்.”

அவள் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். அழுத்திய அழுத்தில் ஒரு தலையணை உறையில் பெட்டியின் அச்சு மஞ்சளாகப் பதிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கருக்கிய முதல் துணி. அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்படும். பிடிக்கட்டும். எரிச்சல் துணியோடு போகிற மாதிரி இல்லை. முதலாளிமேல் எரிந்தது, மடிப்புக்காரிமேல் எரிந்தது, எல்லாரையும்விட, உக்காருங்கம்மா என்றதும் உட்கார்ந்த தன்மேல்தான் அதிகம் எரிந்தது.

நேரே அறைக்குப் போனாள். இந்தத் தடவை நின்றுகொண்டே பேசினாள்.

“சார், அந்தத் தாளை எடுத்துடுங்க.”

“ஏம்மா? உங்களைப் புகழ்ந்துதானே போட்டிருக்கேன்?”

“எனக்குப் புகழ்ச்சி வேண்டாம் சார், கடிதம் போதும்.”

முதலாளி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். டைப் அடித்து, முத்திரையும் வைத்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. “வெள்ளிக்கிழமை ரெண்டு வார்த்தை பேசுங்க. பேசி முடிச்சதும் அங்கேயே கையெழுத்து. சனிக்கிழமை நீங்களும் ஒரு முதலாளி” என்று சொல்லிச் சிரித்தார். தாள் திரும்ப இழுப்பறைக்குள் போயிற்று.

வீட்டில் புருஷன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் சட்டைப் பித்தானில் கை நின்றது.

“ரெண்டு வார்த்தைதானே, பேசிட்டு வாங்கிக்கோ. கடை நம்மளது, ஊர் வாய் யாரோடதோ.”

“பதினாறு பேரு சம்பளத்தை வித்து நான் கடை வெக்கணுமா?”

“அப்ப பேசாதே.”

“பேசலைன்னா கடை போயிடும்.”

“பேசினாலும் குத்தம், பேசலைன்னாலும் குத்தம். என்னதாம்மா பண்ணப் போறே?”

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதற்குமேல் நின்றால் நம்மீதும் பொரியும் என்று அவன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நழுவினான். அவள் தகர டப்பாவை இறக்கித் தரையில் கவிழ்த்தாள். ஏழு வருஷச் சீட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். பணத்தை எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறாள், இதை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. படித்ததை வகை வகையாகக் கட்டுப் போட்டாள். அழுகை வரும் என்று முதலில் நினைத்தாள். இல்லை, கோபம்தான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எல்லாரும் மடிப்பு மேசையைச் சுற்றி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் தட்டை யாரும் தொடவில்லை. முதலாளி சிறுதுளி பெருவெள்ளம் என்று ஆரம்பித்து, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று முடித்து, கடிதத்தையும் பேனாவையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தார். அவளுக்காக முன்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. அவள் உட்காரவில்லை. டப்பாவைத் திறந்தாள்.

“நான் எப்படிச் சேத்தேன்னு சார் சொல்லச் சொன்னாரு. எழுதியே வெச்சிருக்கேன், படிக்கிறேன். பஸ், இல்லை. பஸ், இல்லை. பஸ், இல்லை. பஸ், இல்லை. இது மாதிரி மூணு கட்டு இருக்கு, அத்தனையும் படிக்கட்டுமா?”

சிலர் சிரித்தார்கள். “நடந்தா உடம்புக்கும் நல்லது” என்று முதலாளியும் சிரித்தார்.

“பல் அடைக்க, இல்லை. அடைக்கிறதுக்கு ஆகிறதுல அஞ்சுல ஒரு பங்குதான் பிடுங்குறதுக்கு. பிடுங்கிக்கிட்டேன். அடுத்த வருஷம் இன்னொண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு.” வாயைத் திறந்து விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினாள். சிரிப்பு நின்றது. “முட்டி வலிக்கு டாக்டர், இல்லை. என் பொண்ணுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா, இல்லை. அவளுக்குக் காய்ச்சல்னு லீவு எழுதிக் குடுத்தேன். காய்ச்சல் இல்லை. அன்னிக்குப் பூராவும் ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா. ராத்திரிச் சாப்பாடு, எனக்கு மட்டும், இல்லை. இதுவும் ஒரு கட்டு இருக்கு.”

“போதும்மா, போதும். சேமிக்கிறது எப்படின்னு சொல்லுங்க.”

“அதைத்தான் சார் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு வேற வழி தெரியாது. அந்தப் புத்தகத்துல இருக்கிறது நீங்க குடுத்ததுல மிஞ்சினதுன்னு ஒட்டியிருக்கீங்க. மிஞ்சினது இல்லை சார் அது. எங்கிட்டேருந்து குறைஞ்சது.”

முதலாளியின் முகம் சிவந்தது. எழுந்தார். “இங்க பாருங்க, உங்க வீட்டுக் கதையெல்லாம் இங்க வேண்டாம். சம்பள உயர்வு இப்போதைக்கு இல்லை. எல்லாருக்கும் தெளிவா சொல்லிட்டேன், இல்லை.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று நிதானமானது. பதினோரு வருஷக் கோபம் ஒரே இடத்தில் வந்து நின்றது. பையிலிருந்து அந்தப் பழுப்புக் கவரை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

“சார், நான் ஒரு தடவை இல்லைன்னு சொன்னா, அந்தக் காசு இந்தக் கவருக்குள்ள வந்துடும். காத்துல கரைஞ்சு போகாது. நீங்க மூணு வருஷமா பதினேழு பேருக்கு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அந்தக் காசு எந்தக் கவர்ல இருக்கு?”

முதலாளி கடிதத்தை நாலாக மடித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு வருஷம், இரண்டு கை அகலக் கடை, நாற்காலி எல்லாம் அந்த மடிப்புக்குள் போய், அவர் சட்டைப் பையில் இறங்கியது. போகும் என்று தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

“கூட்டம் முடிஞ்சது. எல்லாரும் வேலையைப் பாருங்க” என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பின்னால் நீராவிப் பெட்டி தன்பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவும் யாரும் போகவில்லை. மடிப்புக்காரி பிஸ்கட் தட்டைத் தன் முன்னாலிருந்து தள்ளி வைத்தாள்.

“அக்கா ஒண்ணு கேட்டாங்களே சார்,” என்றாள். “எந்தக் கவர்?”

இல்லையக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதலாளிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. பஸ்ஸுக்கு ஓட வேண்டியவள் இல்லையே அவள்.