ஆத்தா கேட்ட மூன்று வெள்ளி

பிளிஸ்டர் பிளைட் என்பது தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடுகிற நோய். 1988இல் அது எஸ்டேட் பையன்கள் சேர்த்த ஒரு திராஷ் மெட்டல் குழுவின், அதாவது அதிவேக இரைச்சல் ராக் இசைக் குழுவின், பெயராகவும் இருந்தது. அதன் முதல் கிட்டார்காரன் நாகரத்தினம். பத்தொன்பது நாள் இருந்தான்.

பகலெல்லாம் மலைச்சரிவில் கொழுந்து கத்தரித்த கை. அந்த வேகம் கிட்டாரிலும் வந்தது. வேறொன்றும் வரவில்லை, அந்தப் பாட்டுக்கு வேறொன்றும் தேவைப்படவுமில்லை. டிரம்ஸ் அடித்த அர்ஜுனன் கோயிலில் உறுமி அடிப்பவன். பாடியது தங்கராஜு. பேசினால் திக்கும், கத்தினால் திக்காது.

மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஒரு மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. கோலா தெர்லாவிலிருந்து இறங்கும் காய்கறி லோரியில் மூன்று பேருக்கு இடம் சொல்லியாயிற்று. மலையடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டியே அறியாத நாகரத்தினத்துக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

“ஈப்போவுக்கா? போவாத,” என்றாள் அம்மா செல்லம்மா. அவன் அப்பாவும் ஒருநாள் வேலை என்றுதான் ஈப்போவுக்குப் போனார். ஆறு வருஷமாக அந்த வேலை முடியவில்லை.

“காலையில திரும்பிடுவோம்மா.”

“அவரும் அதத்தான் சொன்னாரு.”

அந்த வெள்ளிக்கு ஆறு நாள் முன்பு மாரியம்மன் திருவிழா. சாயங்காலக் கலைநிகழ்ச்சிக்கு இவர்களைப் போட்டிருந்தார்கள். முதல் பாட்டு இரண்டரை நிமிஷம். ஒரு நிமிஷம் ஆவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு கொண்டை அவிழ்ந்து சுழன்றது. செல்லம்மாவுக்கு அருள் வந்துவிட்டது.

ஆத்தா இறங்கியிருக்கும்போது மேளம் நிற்கக் கூடாது. அர்ஜுனன் நிறுத்தவில்லை; அதனால் யாரும் நிறுத்தவில்லை. பாட்டு இருபத்தெட்டு நிமிஷம் போயிற்று. வரிகள் தீர்ந்துபோன தங்கராஜு உர மூட்டையில் படித்ததையெல்லாம் கத்தினான்.

கோயில் தலைவர் சிங்காரம் கற்பூரத் தட்டோடு ஓடி வந்தார். “தாயே, என்ன குறை? சொல்லும்மா!”

“இந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருக்குடா!” கை நாகரத்தினத்தைக் காட்டியது. “மூணு வெள்ளி இவன் என் வாசல்ல வாசிக்கணும். தவறக் கூடாது!”

“எந்த வெள்ளியிலேருந்து தாயே?” சிங்காரம் விவரமான ஆள்.

“வர்ற வெள்ளி!”

கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்டு ஆத்தா மலையேறினாள். நாகரத்தினம் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கண் மூடியிருந்தது. மிகவும் நன்றாக மூடியிருந்தது.

“வேற நாள் கேட்டுப் பாக்கலாமாடா?” என்றான் அர்ஜுனனிடம்.

“ஆத்தாகிட்டயா? நீயே கேளு லா. நான் வரல.”

லோரியில் அவன் இடத்தில் ரிங்லெட் ஊர்க்காரன் விஜயன் கிட்டாரோடு ஏறிப் போனான். குழுவில் அந்த இடத்தைவிட்டுப் பிறகு இறங்கவேயில்லை.

நாகரத்தினம் கோயில் வாசலில் தனியாக வாசித்தான். முதல் வெள்ளி இருபது பேர் வந்தார்கள். மூன்றாவது வெள்ளி செல்லம்மா மட்டும், காதில் பஞ்சோடு.

“கொஞ்சம் மெதுவா வாசிக்கக் கூடாதாடா? காது போவுது.”

“நீதான புடிச்சிருக்குன்னு சொன்ன?”

“நானா? ஆத்தால்ல சொன்னா.”

நாகரத்தினம் தலையாட்டினான். ஆத்தாவுக்காகச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.